பிறந்துவிட்ட குழந்தைக்கு ஏன் காத்திருக்கிறோம்?

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காக, வாசகர் ஒருவர் அனுப்பிய கேள்வியை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன்: "திருவருகைக் காலம்தான் திருச்சபையின் புத்தாண்டு, அது புதுப்பித்தலின் காலம் என்று வருடா வருடம் மறையுரையில் கேட்கிறேன். இயேசு பிறந்து இரண்டாயிரம் வருடம் ஆகிறது. இன்னும் பிறக்காதவர்போல நான்கு வாரம் காத்திருப்பது நாடகம் இல்லையா? நாலு மெழுகுவர்த்தி ஏற்றினால் எனக்குள் என்ன புதிதாகிவிடும்? அப்புறம், வீட்டில் ஸ்டார் எப்போது கட்டுவது சரி?"

திருவருகைக் காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முன்பு வரும் நான்கு ஞாயிறுகளின் காலம், ஆங்கிலத்தில் அட்வென்ட். கோவிலில் ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவர்த்தி ஏற்றுவோம். ஸ்டாரைக் கடைசியில் பார்ப்போம்.

நாடகம் என்று உங்களுக்குத் தோன்றியதில் தப்பே இல்லை. ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் நானே பல வருடம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "பிள்ளைகளா, இன்னும் நாலு வாரத்தில் பாலன் இயேசு பிறக்கப்போகிறார், மனசைத் தொழுவமாக்கி வையுங்கள்." எல்லாப் பிள்ளைகளும் தலையாட்டும். ஒரு வருடம் ஒரு பையன் மட்டும், "போன வருஷமும் பிறந்தாரே டீச்சர்?" என்று கேட்டுவிட்டான். என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. உருப்படியாக எதையும் சொல்லியிருந்தால் ஞாபகம் இருந்திருக்கும்.

அவனுக்கான பதில் பல வருடம் கழித்து, ஞாயிறு வாசகங்களை வரிசையாக எழுதிவைத்துப் பார்த்தபோது கிடைத்தது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நற்செய்தியில் பாலன் இயேசு இல்லை. மரியாவும் யோசேப்பும் இல்லை, இடையரும் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையில் ஞாயிறு வாசகங்கள் மூன்று ஆண்டுச் சுழற்சியில் வருகின்றன. அந்த மூன்று ஆண்டுகளிலும் முதல் ஞாயிறு உலக முடிவைப் பற்றித்தான். ஓர் ஆண்டு மத்தேயு 24: நோவா காலத்தில் மக்கள் உண்டு குடித்துப் பெண் கொண்டு பெண் கொடுத்து இருக்கையிலேயே வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போனது, அப்படித்தான் இருக்கும் என்கிறது. இன்னோர் ஆண்டு மாற்கு 13: வீட்டுத் தலைவர் மாலையில் வருவாரா, நள்ளிரவில் வருவாரா, சேவல் கூவும்போது வருவாரா, தெரியாது, விழித்திருங்கள் என்கிறது. மூன்றாவது ஆண்டு லூக்கா 21. கிறிஸ்துமஸ் ஒத்திகையை இப்படியா தொடங்குவார்கள்?

அந்த லூக்கா வாசகத்தை ஒரு வருடம் கேட்டது இன்னும் மனதில் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னந்தோப்புகள் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த வருடம் திருவருகைக் கால முதல் ஞாயிறு டிசம்பர் 2. சுழற்சியில் அது லூக்காவின் ஆண்டு. கடலும் அலைகளும் முழங்கும், அதைக் கேட்டு மக்கள் கலங்கிப்போவார்கள், என்ன நேருமோ என்ற அச்சத்தில் மயங்கிவிழுவார்கள் என்று வருகிற பகுதி. அந்தக் கரைக்காக யாரும் தேடிப்பிடித்து வைத்ததில்லை. உலகம் முழுக்க அன்றைக்கு அதுதான் வாசகம். வேறு ஊர்களில் அது உருவகமாகக் கேட்டிருக்கும். ஓடு பறந்த வீட்டிலிருந்து அன்று கோவிலுக்கு வந்தவர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அதே பகுதியில், அடுத்த மூச்சில் இயேசு சொல்கிறார்: இவை நிகழத் தொடங்கும்போது நிமிர்ந்து நில்லுங்கள், தலையைத் தூக்குங்கள், உங்கள் மீட்பு நெருங்கி வருகிறது.

புதுப்பித்தல் என்ற சொல்லை இந்தக் காலம் தொடங்கிவைக்கும் இடம் அது. நன்றாக இருக்கிறவன் இன்னும் நன்றாக ஆவதைப் பற்றி அது பேசவில்லை. எல்லாம் போய்விட்டது என்று தலை கவிழ்ந்தவனிடம் பேசுகிறது.

திருச்சபையின் ஆண்டு கிறிஸ்து அரசர் பெருவிழா வாரத்தோடு முடிகிறது. அந்த வாரம் முழுக்க முடிவைப் பற்றிய வாசகங்கள். அடுத்த ஞாயிறு புத்தாண்டு, அன்றைக்கும் முடிவைப் பற்றிய வாசகம். இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே தையல் தெரியாது. ஜனவரி 1-க்கு நாம் பழசை மூட்டைகட்டிவிட்டுத் தீர்மானங்களோடு தொடங்குவோம். இங்கே கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு முதல் பக்கத்துக்குத் திரும்புகிறோம். கதை எங்கே போய் நிற்கிறது என்று தெரிந்தவர்களாகத்தான் குடிலுக்குப் போகிறோம்.

சரி, 'வருகை' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். அட்வென்ட் என்பது அட்வென்டுஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. வருகை என்று பொருள். கிறிஸ்தவர்கள் எடுத்துக்கொள்ளும் முன்பே ரோமப் பேரரசில் அதற்கு அரசாங்க வாசனை உண்டு. பேரரசர் ஒரு நகருக்கு எழுந்தருளுவதைக் குறிக்கும் சொல் அது. மாகாணம் மாகாணமாகச் சுற்றிய ஹாட்ரியன் (ஆட்சிக்காலம் 117–138) போன இடங்களைக் குறித்து வெளியிட்ட நாணயங்களில் அந்தச் சொல்லையே பொறித்திருக்கிறார்கள். பேரரசர் வருகிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சாலையைச் சரிசெய்ய வேண்டும், வாசலுக்கு வெளியே போய் எதிர்கொண்டு அழைத்துவர வேண்டும்.

நமக்கு இது நன்றாகவே புரியும். அமைச்சர் வருகிறார் என்றால் இரவோடு இரவாக ரோட்டில் பேட்ச் ஒர்க் நடக்கும், ஓரத்தில் பிளீச்சிங் பவுடர் கோடு போடுவார்கள், ஊரில் எரியாத தெருவிளக்கெல்லாம் ஒருநாள் எரியும். அவர் போன மூன்றாம் நாள் பழைய குழி பழைய இடத்தில் இருக்கும். பல வருடம் என்னுடைய திருவருகைக் காலம் இந்த ரகம்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன். 23-ம் தேதி வரிசையில் நின்று, குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு ஒரு பாவசங்கீர்த்தனம், 24-ம் தேதி புதுச் சேலை, 28-ம் தேதி அதே நாக்கு, அதே ஆங்காரம்.

பழைய ஏற்பாட்டில் எசாயா நூலின் 40-ம் அதிகாரம் சொல்கிற சாலைப் பணி பேட்ச் ஒர்க் இல்லை. பள்ளங்கள் நிரப்பப்பட வேண்டும், மலையும் குன்றும் தாழ்த்தப்பட வேண்டும், கோணலானவை நேராக வேண்டும். இதையே லூக்கா 3-ல், இயேசுவுக்கு முன்னோடியாக வந்த திருமுழுக்கு யோவானின் வாயில் கேட்கிறோம். இரண்டாம் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் யோவானுடையவை. பாலைவனத்தில் ஒட்டக மயிராடை உடுத்தி, வெட்டுக்கிளியும் காட்டுத்தேனும் தின்றுகொண்டிருந்த அந்த மனிதரை எந்தக் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையிலும் நான் பார்த்ததில்லை. ஆனால் திருச்சபை பெத்லகேமுக்குப் போகும் வழியை அவர் வழியாகத்தான் போட்டிருக்கிறது. பைபாஸ் கிடையாது.

யோவான் சொல்வது 'மனம் மாறுங்கள்'. நம் சீர்திருத்த சபைச் சகோதரர்களின் பழைய மொழிபெயர்ப்பில் 'மனந்திரும்புங்கள்'. எனக்கு அந்தப் பழைய சொல் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். 'திரும்பு' என்றதுமே எதை நோக்கி என்ற கேள்வி வந்துவிடுகிறது. கூட்டத்துக்கும் அந்தக் கேள்வி வந்தது. "அப்படியானால் நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" லூக்கா 3-ல் இந்தக் கேள்வி மூன்று தடவை வருகிறது. பொதுமக்கள் கேட்கிறார்கள், வரிதண்டுபவர்கள் கேட்கிறார்கள், படைவீரர்கள் கேட்கிறார்கள். யோவானின் பதில்களைப் பாருங்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கட்டும், உணவிலும் அப்படியே. வரிதண்டுபவரே, குறித்ததற்கு மேல் வசூலிக்காதீர். படைவீரரே, யாரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர், பொய்க்குற்றம் சாட்டாதீர், சம்பளம் போதும் என்றிருங்கள்.

எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது! வரிதண்டும் வேலையை விடு என்று சொல்லவில்லை. ரோமுக்காக வரி வசூலித்தவர்களை ஊரே வெறுத்த காலம் அது. என்னோடு பாலைவனத்துக்கு வந்து வெட்டுக்கிளி தின்னு என்றும் சொல்லவில்லை. நாளைக் காலை அதே சாவடிக்குப் போ, அதே மேசையில் உட்கார், தொகையை மட்டும் சரியாக வாங்கு என்கிறார். புதுப்பித்தல் என்றதும் நமக்குத் தியானமும் உபவாசமும் கண்ணீரும் ஞாபகம் வருகின்றன. யோவானுக்குத் துணி அலமாரியும் ரசீதுப் புத்தகமும் ஞாபகம் வருகின்றன. உங்களுக்குள் என்ன புதிதாகும் என்று கேட்டீர்களே, யோவானிடம் கேட்டிருந்தால் முதலில் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரித்திருப்பார்.

இப்போது உங்கள் 'நாடகம்' கேள்விக்கு நேராக வருகிறேன். 12-ம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித பெர்நார்து தம் திருவருகைக் கால மறையுரை ஒன்றில் மூன்று வருகைகள் உண்டு என்றார். முதலாவது பெத்லகேமில், உடலெடுத்து, பலவீனத்தில். கடைசியானது இறுதி நாளில், மாட்சியில். இந்த இரண்டும் கண்ணுக்குத் தெரிபவை. இரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒன்று மறைவில் நடக்கிறது. ஆண்டவர் ஒருவரின் உள்ளத்துக்குள் ஆவியிலும் வல்லமையிலும் வருவது. முதல் வருகையிலிருந்து கடைசி வருகைக்குப் போகும் சாலைபோல அது இருக்கிறது என்கிறார் பெர்நார்து.

இதை வைத்துப் பார்த்தால் அந்தப் பையனுக்குப் பதில் இருக்கிறது. ஆமாம்டா, பிறக்கப்போகிறார் என்று நான் சொன்னது தப்பு. ஒரே தடவைதான் பிறந்தார். முதல் வருகையை நாம் நினைவுகூர்கிறோம். அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. காத்திருப்பது கடைசி வருகைக்கு, அது நடிப்பு இல்லை, உண்மையிலேயே இன்னும் நடக்கவில்லை. நீதி முழுசாக வரவில்லை, செத்தவர்கள் எழுந்திருக்கவில்லை, வாள்கள் கலப்பைக் கொழுக்களாக அடிக்கப்படவில்லை. "மாரனாதா", எங்கள் ஆண்டவரே வாரும் என்ற அரமேயச் சொல்லைப் பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தின் முடிவில் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டிருக்கிறார். கிரேக்கம் பேசிய மக்கள்கூட அந்தச் செபத்தை மூல மொழியிலேயே சொல்லிப் பழகியிருந்திருக்க வேண்டும். பவுலுக்கும் அவர்களுக்கும் இயேசு பிறந்து, இறந்து, உயிர்த்துவிட்டார். ஆனாலும் வாரும் என்றார்கள். நாமும் அதையேதான் சொல்கிறோம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள வருகை இன்றைக்கு, செவ்வாய்க்கிழமை மத்தியானம், உங்கள் வீட்டில் நடக்கக்கூடியது.

தமிழ்க் கத்தோலிக்கர் இப்போது 'எதிர்நோக்கு' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறோம். என் அம்மா காலத்தில் விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்று மந்திரம் படித்தோம். விசுவாசம் இருந்த இடத்துக்கு நம்பிக்கை வந்தது, நம்பிக்கை இருந்த இடத்துக்கு எதிர்நோக்கு வந்தது. பெரியவர்களுக்கு இன்னும் குழப்பம்தான். ஆனால் இந்தக் காலத்துக்கு அந்தச் சொல் அளவெடுத்துத் தைத்தது. வருகிறவரின் திசையைப் பார்த்து முகத்தைத் திருப்பி வைத்திருப்பது. பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அப்படி.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அதில் ரொம்ப நேரம் நிற்க வேண்டியதில்லை. 380-ல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய ஆயர்கள் டிசம்பர் 17 முதல் ஜனவரி 6-ல் வரும் திருக்காட்சி விழா வரை யாரும் கோவிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்றார்கள். 5-ம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11-ல் வரும் புனித மார்ட்டின் விழாவிலிருந்து கிறிஸ்து பிறப்பு வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு வைத்தார். ரோம் பிறகு நான்கு ஞாயிறுகளோடு நிறுத்திக்கொண்டது. மிலான் நகரில் அம்புரோசு வழிபாட்டு முறையில் இன்றைக்கும் ஆறு வாரம். கீழைச் சபைகளில் நவம்பர் 15-ல் தொடங்கி நாற்பது நாள் நோன்பு, பக்கத்துக் கேரளத்தின் சுரியானிக் கிறிஸ்தவர்களுக்கு இருபத்தைந்து நாள் நோன்பு. நமக்கு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில் வரும் ஞாயிறு தொடக்கம். அதனால் சில வருடம் 28 நாள் கிடைக்கும், சில வருடம் 22 நாள்தான். 2023-ல் நான்காம் ஞாயிறு டிசம்பர் 24-ஆகவே வந்து, காலையில் திருவருகைக் காலத்தின் ஊதா உடை, இரவில் கிறிஸ்துமஸின் வெள்ளை உடை என்று கோவில்பிள்ளை திணறிப்போனார்.

ஊதா என்றதும் ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஞாபகம் வருகிறது இல்லையா? இரண்டிலும் ஞாயிறு திருப்பலியில் 'உன்னதங்களிலே' என்ற புகழ்ப்பாடலைப் பாடுவதில்லை. ஆனால் தவக்காலத்தில் அல்லேலூயாவையும் விட்டுவிடுவோம், இங்கே அதை விடுவதில்லை. 1969-ல் வந்த வழிபாட்டு ஆண்டு ஒழுங்குகள் இந்தக் காலத்தைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றே விவரிக்கின்றன. வானதூதர்கள் பெத்லகேம் வயல்வெளியில் முதலில் பாடியது 'உன்னதங்களிலே'. அந்த இரவு வரும்வரை அதை வாயில் அடக்கி வைத்திருக்கிறோம். பண்டிகைக்குச் சுட்ட பலகாரத்தை டப்பாவில் போட்டு உயரத்தில் வைப்பதுபோல.

மூன்றாம் ஞாயிறுக்கு 'மகிழுங்கள்' ஞாயிறு என்று பெயர். குரு ரோஸ் நிற உடை அணியலாம். எங்கள் பங்கில் ரோஸ் உடை கிடையாது, மெழுகுவர்த்தி மட்டும்தான் ரோஸ். இந்த ஞாயிறைப் பற்றி எனக்கு ஒரு தீராத வியப்பு உண்டு. மத்தேயு ஆண்டில் இந்த மகிழ்ச்சி ஞாயிறின் நற்செய்தி எங்கே நடக்கிறது தெரியுமா? சிறையில். போன ஞாயிறு பாலைவனத்தில் முழங்கிய யோவான் இப்போது ஏரோதின் சிறையில் கிடக்கிறார். அங்கிருந்து ஆளனுப்பிக் கேட்கிறார்: "வரவிருப்பவர் நீர்தாமா? இல்லை, வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா?" வருகையை அறிவித்தவருக்கே சந்தேகம். கோடரியும் நெருப்பும் வரும் என்று பிரசங்கித்தவர், வந்தவரோ நோயாளிகளைத் தொட்டுக்கொண்டும் பாவிகளோடு சாப்பிட்டுக்கொண்டும் இருக்கிறார். இயேசு யோவானைக் கடிந்துகொள்ளவில்லை. பார்வையற்றோர் பார்க்கிறார்கள், கால் ஊனமுற்றோர் நடக்கிறார்கள், ஏழைகளுக்கு நற்செய்தி சொல்லப்படுகிறது, கண்டதைப் போய்ச் சொல்லுங்கள் என்று அனுப்புகிறார். சிறைக்கதவு திறக்கும் என்று ஒரு வார்த்தை இல்லை. திறக்கவும் இல்லை. காத்திருந்து காத்திருந்து சலித்தவர்கள், செபித்தும் நடக்கவில்லை என்பவர்கள், இந்த ஞாயிறு உங்களுடையது. ரோஸ் மெழுகுவர்த்தி அந்தச் சிறை அறைக்காகத்தான் எரிகிறது என்று எனக்குத் தோன்றும்.

இந்தக் காலத்தின் மையமான படம் எது என்று என்னைக் கேட்டால், தொழுவத்துக்கு முன்னால் அடிமரத்தைச் சொல்வேன். எசாயா 11: ஈசாய் என்னும் அடிமரத்திலிருந்து ஒரு தளிர் கிளம்பும். இந்த வரிக்குச் சற்று முன்னால், 10-ம் அதிகாரத்தின் முடிவில், ஆண்டவர் காட்டையே கோடரியால் வெட்டிச் சாய்க்கிறார், லெபனோன் மரங்கள் விழுகின்றன. அதிகாரம் மாறுவதால் நாம் கவனிப்பதில்லை. வெட்டவெளியில் கட்டைகள் மட்டும் நிற்கும் இடத்தில்தான் தளிர் வருகிறது.

அதோடு 'தாவீதின் மரம்' என்று சொல்லாமல் 'ஈசாயின்' என்கிறார் பாருங்கள். தாவீது அரசர், அரண்மனை, பெருமை. ஈசாய் அவருடைய அப்பா. பெத்லகேமில் ஆடு வைத்திருந்த மனிதர். பொற்காலத்தைத் திரும்பக் கொண்டுவருவேன் என்று கடவுள் சொல்லவில்லை. அரசர்கள் வரும் முன்பிருந்த வேருக்கே போய் அங்கிருந்து தொடங்குகிறார்.

கரும்பு போடுகிறவர்களுக்கு இது புதுசு இல்லை. கரும்பை வெட்டியதும் வயல் பொட்டலாகத் தெரியும், உள்ளே வேர்க்கட்டை இருக்கும். அதிலிருந்து கிளம்புவது மறுதாம்பு. ஆனால் வெட்டிவிட்டுச் சும்மா விட்டால் நல்ல மறுதாம்பு வராது. மிஞ்சி நிற்கும் கட்டையை மண்ணோடு மண்ணாகச் சீவிவிட வேண்டும். சீவாவிட்டால் மண்ணுக்கு மேலே உள்ள கணுக்கள் முளைக்கும், அவற்றுக்கு வேர்ப்பிடிப்பு இருக்காது. சீவினால் மண்ணுக்கு உள்ளே இருக்கும் பருக்கள் முளைத்துத் தமக்கென்று வேர்விடும். எங்கள் மாமா வயலில் கட்டை சீவுவதைப் பார்த்திருக்கிறேன். மிச்சமிருப்பதையும் ஏன் வெட்டுகிறார்கள் என்று சின்ன வயசில் அழுகை வரும். மண்வெட்டி போகும் இடமெல்லாம் வெள்ளையாக, ஈரமாக, ஒரு ரூபாய் அகல வட்டங்கள். இரண்டு வாரம் கழித்துப் போனால் ஊசி ஊசியாகப் பச்சை.

வருடக்கடைசியில் நமக்கும் மண்ணுக்கு மேலே கொஞ்சம் கட்டை நிற்கும். இவ்வளவு நாள் சேர்த்த நல்ல பெயர், 'நானெல்லாம் ஒழுங்கானவன்' என்ற எண்ணம், பங்கில் இருக்கும் பொறுப்பு. அங்கிருந்தே துளிர்க்கலாம் என்று பார்ப்போம். வேர் பிடிக்காது. ஒப்புரவு அருட்சாதனம் என்று இப்போது சொல்கிற பாவசங்கீர்த்தனத்தை நான் கட்டை சீவுதல் என்றே எடுத்துக்கொள்கிறேன். 23-ம் தேதி வரிசையில் நிற்காமல் முதல் வாரமே போய்விடுவதன் காரணம் அதுதான். துளிர்க்க நாள் வேண்டும். துளிர்க்க வைப்பது என் வேலை இல்லை, அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கட்டையால் தன்னைத் தானே முளைக்க வைக்க முடியாது.

மெழுகுவர்த்தி வளையத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அது பழைய திருச்சபை மரபு என்று நினைக்கிறோம். இல்லை, ஜெர்மனியில் ஒரு லூத்தரன் போதகரின் கைவேலை. ஹாம்பர்க் நகரில் ஏழைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய யோஹான் ஹின்ரிச் விக்கெர்ன் என்பவர், கிறிஸ்துமஸ் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் நச்சரித்ததால், 1839-ல் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தை எடுத்து அதில் நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்தியும் இருபது சின்னச் சிவப்பு மெழுகுவர்த்தியும் வைத்தார். ஞாயிறுக்குப் பெரியது, மற்ற நாளுக்குச் சின்னது. கத்தோலிக்கக் கோவில்களுக்கு அது வந்தது 20-ம் நூற்றாண்டில். ஒவ்வொரு மெழுகுவர்த்திக்கும் எதிர்நோக்கு, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் சொல்வது அதற்கும் பிறகு சேர்ந்த வழக்கம், திருப்பலிப் புத்தகத்தில் இல்லை. அழகுதான், ஆனால் அதையே பாடமாக நடத்தி யோவானை விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

எங்கள் கோவிலில் வளையத்தைச் சவுக்கு இலையால் கட்டுவோம். ஊதா மெழுகுவர்த்தி கடைகளில் எளிதில் கிடைக்காது, வெள்ளை மெழுகுவர்த்தியில் ஊதாப் பேப்பர் சுற்றிக்கொண்டிருந்தோம். ஒரு வருடம் மூன்றாம் ஞாயிறு மறையுரையின்போது பேப்பர் பற்றி, பீடச்சிறுவன் அங்கியாலேயே அடித்து அணைத்தான். அதிலிருந்து அடியில் ரிப்பன் மட்டும் கட்டுகிறோம். முதல் ஞாயிறு ஏற்றிய மெழுகுவர்த்தி நான்காம் ஞாயிறுக்குள் பாதியாகிவிடும். நான்கும் நான்கு உயரத்தில் நிற்கும். புதிதாக மாற்றலாமா என்று யாராவது கேட்பார்கள், நான் மாற்ற விடுவதில்லை. முதலில் எரியத் தொடங்கியது எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பிள்ளைகள் பார்க்கட்டும்.

டிசம்பர் 17-லிருந்து காலத்தின் தொனி மாறுகிறது. அதுவரை முடிவை நோக்கியிருந்த முகம் பெத்லகேம் பக்கம் திரும்பும். 17 முதல் 23 வரை, மாலைப் புகழ் என்கிற மாலைச் செபத்தில் மரியாவின் பாடலுக்கு முன் ஏழு நாளும் ஏழு விளிப்புகள்: ஞானமே, ஆண்டவரே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, விடியலே, மக்களினங்களின் அரசரே, இம்மானுவேலே. ஆயிரம் வருடங்களுக்கு மேலாகப் பாடப்படுபவை. ஒவ்வொன்றும் 'வாரும்' என்று முடியும் வேண்டுதல். இலத்தீனில் இவற்றின் முதல் எழுத்துகளைக் கடைசியிலிருந்து முதலுக்குப் படித்தால் 'ஏரோ க்ராஸ்', நாளை இருப்பேன் என்று வரும். கூப்பிட்ட கூப்பாட்டுக்குள்ளேயே பதிலை ஒளித்துவைத்தது யார் வேலையோ! 'விடியலே' என்ற விளிப்பு விழுவது 21-ம் தேதி, பூமியின் வடபாதியில் வருடத்தின் மிக நீண்ட இரவை ஒட்டி.

மார்கழி பிறப்பதும் அந்த 16, 17-ல்தான். நாள்காட்டித் தற்செயல், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனாலும் தெருக்கோடிப் பெருமாள் கோவில் ஒலிபெருக்கி விடியும் முன்னே எழுப்பிவிடும் அந்த நாள்களில், மத்தேயு ஆண்டின் முதல் ஞாயிறில் வாசிக்கிற பவுலின் வரி எனக்குள் ஓடும். உறக்கத்திலிருந்து விழித்தெழும் வேளை வந்துவிட்டது என்ற உரோமையர் 13. எழுந்து அடுப்பு பற்றவைத்துவிட்டு அன்றைய விளிப்பைத் திருப்புகழ்மாலை என்ற செபப் புத்தகத்தில் படித்துக்கொள்வேன்.

நான்காம் ஞாயிறுதான் குடும்பம் உள்ளே வருகிறது. ஓர் ஆண்டு யோசேப்பின் கனவு, ஓர் ஆண்டு வானதூதர் மரியாவுக்குச் சொன்ன மங்கள வார்த்தை, ஓர் ஆண்டு மரியா எலிசபெத்தைச் சந்திப்பது. வாக்குக் கிடைத்ததும் மரியா விரைந்து மலைநாட்டுக்குப் போகிறார். அங்கே ஒரு வயதான பெண் ஆறு மாதக் கர்ப்பம். காத்திருப்பு என்றால் கை கட்டி உட்கார்ந்திருப்பது என்று நினைக்கிறவர்கள், நிறைமாதப் பெண் உள்ள வீட்டைப் போய்ப் பார்க்க வேண்டும். பழந்துணி கிழித்துத் துவைத்து மடிப்பார்கள், தொட்டில் கம்பிக்கு ஆள் தேடுவார்கள், கட்டிலை ஒதுக்கி இடம் உண்டாக்குவார்கள். குழந்தையை யாரும் 'செய்வதில்லை'. அது வரும்போது வரும். ஆனால் வீடு முழுக்க வேலை நடக்கும்.

எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கப் பீரோவை நகர்த்தினபோது ஒரு தடவை பின்னாலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை கிடைத்தது. பேச்சுவார்த்தை நின்றுபோன சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகை. பிரிக்காமலே விழுந்து கிடந்திருக்கிறது. கூப்பிடவில்லை, கூப்பிடவில்லை என்று நாலு வருடமாகக் கோபித்துக்கொண்டிருந்தது நாங்கள்! சுவரில் புதுச் சுண்ணாம்பு காயும் முன் என் வீட்டுக்காரர் போன் போட்டார். பீரோவை நகர்த்தியது மட்டும்தான் எங்கள் முயற்சி.

இப்போது ஸ்டார். அதற்குச் சட்டம் எதுவும் இல்லை. மத்தேயு 2-ல் ஞானிகள் விண்மீனைக் கண்டு எருசலேமுக்கு வந்து விசாரிக்கும்போது குழந்தை பிறந்தாகிவிட்டது, அதனால் கறாராகப் பார்த்தால் 25-க்குப் பிறகுதான் கட்ட வேண்டும், யார் கேட்பார்கள்? மழை விட்ட ஒரு சாயங்காலம் பார்த்துக் கட்டிக்கொள்ளுங்கள். ஒயர் இணைப்பில் டேப் நன்றாகச் சுற்றுங்கள். எங்கள் வீட்டில் முதல் ஞாயிறே கட்டிவிடுவோம். ஆனால் குடில் 17-ம் தேதிதான். அன்றைக்கு மாடும் ஆடும் வைக்கோலும் மட்டும். மரியாவும் யோசேப்பும் டிவி ஸ்டாண்டின் அந்தக் கோடியில் கிளம்பி, நாளுக்கு ஒரு சாண் நகர்ந்து, 24 ராத்திரி குடிலுக்குள் வந்து சேருவார்கள். பாலன் இயேசு அதுவரை அலமாரியில், பஞ்சில் சுற்றி, ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குப் பின்னால். பேரனுக்குப் பொறுக்காது, பகலில் இரண்டு சாண், மூன்று சாண் என்று தள்ளிவிடுவான். அவன் தூங்கினதும் நான் பழைய இடத்துக்கே நகர்த்தி வைத்துவிடுவேன்.